பிஸ்தா விலையும் பச்சைச் சாயமும்

பிஸ்தா பருப்பு கிலோ 2,000 ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்தில், பிஸ்தா பர்பி கிலோ 600 ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் பிஸ்தா எவ்வளவு விழுந்திருக்கும்? பாலும் சர்க்கரையும் சேர்வதால் பர்பி மலிவாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் அந்த விலைக்கு உள்ளும் புறமும் பச்சைப்பசேலென்று இருக்கும் துண்டின் நிறம் பிஸ்தாவிலிருந்து வந்திருக்க வழியில்லை. பிஸ்தா விலையைக் கேட்டுத் திட்டுகிறவர்கள் கோபத்தை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பிஸ்தாவுக்குக் கடைக்காரர் கேட்கும் விலையில் பெரும்பகுதிக்குக் காரணம் உண்டு. பிஸ்தா என்ற பெயரில் மலிவாக விற்கப்படும் சரக்குக்குத்தான் மன்னிப்பே கிடையாது.

மா, முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பிஸ்தா மரம். ஆனால் அவற்றைப் போல அவசரப்படாது. நட்ட மரம் முதல் காய் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நிறைவாகக் காய்க்க 12 முதல் 15 ஆண்டுகள். அதுவரை தண்ணீர், கூலி, உரம், வாங்கிய கடனுக்கு வட்டி என்று செலவு மட்டும்தான். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூவில் இதழும் இல்லை, தேனும் இல்லை என்பதால் தேனீ நாடி வராது; காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் மகரந்தம்தான் கதி. காய்க்கத் தொடங்கிய பிறகும் ஓர் ஆண்டு கொத்துக்கொத்தாய்த் தந்தால் மறு ஆண்டு மரம் ஓய்ந்துவிடும். இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலைச் சரிவிலுள்ள ப்ரோன்டே என்ற ஊரில், ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே அறுவடை. உலகிலேயே விலை உயர்ந்த பிஸ்தாக்களில் அதுவும் ஒன்று.

இதோடு தட்பவெப்பத்திலும் பிடிவாதம். கலிபோர்னியாவில் பரவலாக வளர்க்கப்படும் ‘கெர்மான்’ ரகத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ 850 மணி நேரம் வேண்டும். கோடையிலோ வறண்ட, சுட்டெரிக்கும் வெயில் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் உண்டு. அந்தக் கோடை கிடையாது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் கலிபோர்னியாவில் போதிய அளவு குளிரவில்லை. ஆண் மரங்களும் பெண் மரங்களும் ஒரே சமயத்தில் பூக்கத் தவறின. 2015 அறுவடையில் ஓடுகள் இருந்தன, பல ஓடுகளுக்குள் பருப்பு இல்லை. பிஸ்தாவில் ஓடுதான் முதலில் முழு அளவுக்கு வளரும், பருப்பு பிறகுதான் அதை நிரப்பும் என்பதால் மரத்தைப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஆண்டு விளைச்சல் முந்தைய ஆண்டின் பாதியளவுக்கு இறங்கியது.

அந்தக் கெர்மான் ரகமே ஈரானிலிருந்து போனதுதான். அமெரிக்க வேளாண் துறையின் தாவர ஆய்வாளர் வில்லியம் வைட்ஹவுஸ் 1929இல் பாரசீகத்துக்குப் போய் மாதக்கணக்கில் அலைந்து விதைகளைச் சேகரித்துத் திரும்பினார். ரஃப்சன்ஜான் பகுதியில் எடுத்த ஒரு விதையிலிருந்து வளர்ந்த மரம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1957இல் கெர்மான் என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கிடைத்தது. விதை வந்து கால் நூற்றாண்டுக்கும் மேல்! கலிபோர்னியாவின் முதல் வணிக அறுவடை 1976இல், சுமார் 680 டன். 1979இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக நெருக்கடி, 1986இல் ஈரானியப் பிஸ்தா மீது 240 சதவீதத்துக்கும் மேலான அமெரிக்க வரி. போட்டியில்லாத சந்தையில் கலிபோர்னியத் தோப்புகள் பெருகின. 2023இல் அங்கே விளைந்தது ஆறரை லட்சம் டன்னுக்கும் மேல்.

விலையில் ஏறாமல் நிற்கும் செலவு ஒன்று உண்டு. அது தண்ணீர். ரஃப்சன்ஜான் சமவெளி ஒரு காலத்தில் கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களால் வாழ்ந்தது; மலையடிவாரத்து ஊற்றை மெல்லிய சரிவில் ஊருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஊறிய அளவுக்கு மேல் அதில் எடுக்க முடியாது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, தோப்புகள் விரிந்தன, நீர்மட்டம் சரிந்தது, கனாத்துகள் வறண்டன, தரையே உள்வாங்கியது. எஞ்சிய நீர் உப்பாகி, தோப்பைக் கைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் அங்கே உண்டு. கலிபோர்னியாவின் சான் ஹொவாகின் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். நிலத்தடி நீரை அளந்து எடுக்கச் சொல்லும் சட்டம் 2014இல்தான் அங்கே வந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டித் தோண்டி ஓய்ந்த தமிழக மாவட்டங்களின் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கையும் சேர்த்தால் இன்றைய பிஸ்தா விலை குறைவு என்றே சொல்ல வேண்டும்.

பறித்த பிறகும் நிம்மதி இல்லை. மேல்தோலை ஒரு நாளுக்குள் உரித்து உலர்த்தாவிட்டால் ஓட்டில் கறை படியும். முன்பு அமெரிக்காவில் விற்ற ஈரானியப் பிஸ்தாவுக்குச் சிவப்புச் சாயம் பூசியது அந்தக் கறையை மறைக்கத்தான். பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரும். வறுத்தாலும் முழுவதும் போகாது. இதற்காக 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானியப் பிஸ்தாவைச் சில மாதங்கள் தடுத்தே வைத்தது. சோதிப்பது, பிரிப்பது, கழிப்பது எல்லாமே விலையில் வந்து சேரும்.

இத்தனைக்கும் மேல் ஒரு சாக்லேட். துபாயில் 2021இல் பிறந்த, பிஸ்தா விழுதும் குனாஃபா என்ற அரபு இனிப்பின் இழைகளும் நிறைத்த சாக்லேட், 2023 இறுதியில் ஒரு டிக்டாக் காணொளியால் உலகமெங்கும் பரவியது. 2025 வசந்தத்தில், ஓராண்டுக்கு முன் ராத்தல் 7.65 டாலராக இருந்த பருப்பு 10.30 டாலருக்குப் போயிருந்தது. இந்தியாவுக்கு வேண்டிய பிஸ்தா ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. டாலர் ஏறினாலும் ஈரானில் குண்டு விழுந்தாலும் பாகிஸ்தானை ஒட்டிய அட்டாரி எல்லை மூடினாலும் அந்த அதிர்வு இங்கே மளிகைக் கடையில் தெரியும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது நல்ல செய்தி. அந்தக் குறைவு தங்கள் பில்லில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவர்களின் வேலை.

எங்கே வாங்குவது? சென்னையில் சவுக்கார்பேட்டை, பாரிமுனைத் தெருக்களின் மொத்தக் கடைகளும், மதுரையில் கீழமாசி வீதியும் நல்ல இடங்கள். சரக்கு வேகமாகக் கைமாறும் கடையில் பழைய சரக்கு தேங்காது. கேட்டால் ஒன்றை உடைத்துச் சுவைக்கவும் தருவார்கள். வாயில் போட்டதும் காறல் வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டிலோ இணையத்திலோ வாங்குவதானால் பாக்கெட்டின் முன்பக்கத்தைவிட, கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட்டிருக்கும் வரி முக்கியம். தீபாவளி நெருக்கத்தில் வாங்குகிறவர் பண்டிகை விலையையும் சேர்த்தே கொடுக்கிறார்.

ஓட்டோடு வாங்குவதே மேல். எடையில் ஏறத்தாழ பாதி ஓடு என்பதால் கிலோ 1,200 ரூபாய் என்றால் பருப்புக்கு 2,400 விழுகிறது என்று கணக்கிட வேண்டும். கசப்பான கணக்குதான். ஆனால் மரத்திலேயே தானாக வாய் திறந்த அந்த ஓட்டைப் போலியாகச் செய்ய எந்தக் கலப்படக்காரராலும் முடியாது. சீவல், தூள் என்று வரும்போதுதான் ஆபத்து. வேர்க்கடலையைச் சீவிப் பச்சைச் சாயத்தில் முக்கிப் பிஸ்தா என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வெந்நீரில் சிறிது நேரம் போட்டால் சாயம் இறங்கி, வெளுத்த கடலை வெளியே வரும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தச் சீவல் தூவிய ஒரு துண்டு இனிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். இதை வெறும் பண மோசடியாக மட்டும் பார்ப்பது தவறு.

கண்ணாடிப் பெட்டியில் தட்டுத்தட்டாக வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பதை எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. அதே அட்டையில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் இருக்கிறது: இதில் பிஸ்தா எத்தனை சதவீதம், வேர்க்கடலை சேர்ந்திருக்கிறதா. உண்மையான பருப்பைப் போட்டு நட்டத்தோடு போட்டியிடும் இனிப்புக் கடைக்காரர்களே இந்த விதியை முதலில் கேட்க வேண்டும். தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை அடுத்த தீபாவளிக்கு மாதிரி எடுக்கக் கிளம்பும்போது, எண்ணெயையும் நெய்யையும் போலவே பச்சைச் சீவலையும் பட்டியலில் சேர்க்கட்டும்.