ஈறு வெளுத்த பிறகு

எங்கள் நாய்களின் ஈறு வெளுத்தபோது நாங்கள் முருங்கைக்கீரை பறிக்கப் போனோம். இரத்தம் குறைந்திருக்கிறது, கீரையும் ஈரலும் போட்டால் ஊறிவிடும் என்றோம். கண் மஞ்சளாகி, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் வந்தபோதும் “சூடு பிடிச்சிருக்கு, மோர் ஊத்து” என்றோம். எங்கள் ஊரான கூனிமேட்டில் ஏதோ ஒரு வீட்டார் மட்டும் செய்ததல்ல இது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும், குப்பத்திலும் தெருவிலும் உப்பளக் கொட்டகையிலும் நாய் வைத்திருக்கும் எல்லோருமாகச் சேர்ந்து செய்தது. அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறேன்.

அந்த நாய்க்கு இரும்புச்சத்து குறையவில்லை. அதன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதன் சிவப்பணுக்களை அந்நியன் என்று அடையாளமிட, மண்ணீரலும் கல்லீரலும் அவற்றை அழித்துக்கொண்டிருந்தன. அழிந்த அணுக்களிலிருந்த இரும்பு உடம்புக்குள்ளேயேதான் கிடந்தது. இங்கே செய்யவேண்டியது அழிவை நிறுத்துவது. அதற்கு பிரெட்னிசலோன் போன்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து உடனே வேண்டும். சில நாய்களுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறையாமல் பார்க்க வேண்டும். இந்தத் தன்னெதிர்ப்பு நோயில் சாகிற நாய்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரத்துக்குள் சாகின்றன. கீரை எந்தக் கெடுதலும் செய்யவில்லை. கீரையை நம்பி நாங்கள் கழித்த நாட்கள்தான் கெடுதல் செய்தன.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களும் அல்ல நாங்கள். உண்ணியை எல்லோரும் பார்த்தோம். காது மடலுக்குள், விரலிடுக்கில், ஆமணக்கு விதை போல ஊதிக் கிடந்ததைப் பார்த்தோம். சென்னையில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காக வளர்த்த நாய்களின் இரத்தத்தில் பபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணியை பேட்டன் என்பவர் கண்டு எழுதியது 1910இல். அதே கிருமியை நரியின் இரத்தத்திலும் அவர் கண்டார். நம் மாநிலத்து நாய்களிடமிருந்துதான் உலகம் அதை முதலில் அறிந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாங்கள் உண்ணியை அழுக்கு என்றே நினைத்தோம், நோய் என்று நினைக்கவில்லை. உண்ணி கொண்டுவரும் இன்னொரு கிருமி எர்லிக்கியா. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்களை இருநூறுக்கு மேல் கொன்றது அது. இந்தக் கிருமிகள் தாமாகவும் இரத்தத்தைக் குலைக்கும்; உடம்பைத் தன் சொந்த அணுக்கள்மேலேயே ஏவியும் விடும்.

ஆகவே நம் ஊரில் ஈறு வெளுத்த நாய்க்கு இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் எதிர்ப்பு சக்தியை மட்டும் அடக்கினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். எர்லிக்கியா என்றால் டாக்சிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள்; பபீசியாவுக்கு மருந்தே வேறு. நாங்களோ பரிசோதனைக்குப் பணம் எதற்கு என்று, “ஊசி மட்டும் போடுங்க சார்” என்று கேட்டு வாங்கி வந்தோம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவித் தோலைப் புண்ணாக்கினோம். நாயைக் கடலில் முக்கியெடுத்து, வேலை முடிந்தது என்று திரும்பினோம். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலில், கீற்றுக் கொட்டகையின் மூலையில், சாக்குக்கு அடியில் கிடக்கிறது. அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அங்கே நாங்கள் கை வைக்கவேயில்லை.

மாத்திரை விஷயத்தில் நாங்கள் செய்தது இன்னும் மோசம். பிரெட்னிசலோன் தொடங்கிய சில நாளில் நாய் எழுந்து நிற்கும், பசியென்று தட்டை நக்கும். உடனே “நல்லாயிடுச்சு, இங்கிலீஷ் மருந்து ரொம்ப நாள் குடுக்கக் கூடாது” என்று நிறுத்தினோம். இந்த மருந்தை மாதக்கணக்கில், இரத்த அளவைப் பார்த்துப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பு தானே சுரக்கும் கார்டிசோல் இந்த மருந்தால் அடங்கியிருக்கும். திடீரென நிறுத்தினால் நாய் மயங்கிச் சரியும், அல்லது நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். திரும்பியபோது மாத்திரையைத்தான் பழித்தோம். மருந்து தின்னும் நாய்க்குத் தாகம் எடுக்கும், மூத்திரம் பெருகும். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் குடத்தில் வருவது. திண்ணையை நனைக்கிறது என்று இரவில் நாயின் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்தவர்கள் எங்களில் உண்டு. நொண்டுகிறதே என்று மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் குடலில் புண்ணாகி இரத்தம் கசியும். இருக்கிற கொஞ்ச இரத்தமும் அப்படிப் போனது.

சாப்பாடு பற்றி எழுதவே மனம் கூசுகிறது. வீட்டுச் சாப்பாடு, இயற்கையான சாப்பாடு என்று பெருமையாகச் சொல்லி நாங்கள் வைத்தது மீன்குழம்பில் பிசைந்த மிச்சச் சோறு. அதில் கைநிறையச் சின்ன வெங்காயம், பூண்டு. இந்த இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. அணுக்கள் ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கும் நாய்க்கு அதையே தினமும் வைத்தோம். கருவாட்டுத் தலை வைத்தோம். ஸ்டீராய்டு தின்னும் உடம்பில் உப்பு நீரைத் தேக்கும். கோழிக்கடையில் கிடைத்த குடலைப் பச்சையாகப் போட்டோம். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் நாய்க்குப் பச்சை இறைச்சியிலிருக்கும் சால்மொனெல்லா சாதாரணக் கிருமி அல்ல.

அதற்கு மேல், எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று சீந்தில், அமுக்கரா, நிலவேம்பு. இரத்தத் தட்டணு குறைவு என்று மருத்துவர் சொன்னால் பப்பாளி இலைச் சாறு. எந்த நாயின் எதிர்ப்பு சக்தி கட்டவிழ்ந்து அதையே தின்கிறதோ, அந்த நாய்க்கு அதைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் பொருளைத் தேடித் தேடிக் கொடுத்தோம். சீந்தில் சாப்பிட்ட ஆறு மனிதர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், கல்லீரலைச் சோர்வடையச் செய்யும் மாத்திரையோடு இன்னொன்றைச் சேர்க்கும் முன் நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மரபு மருத்துவத்தை நான் தள்ளவில்லை. மாட்டின் மடிநோய்க்குப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கலவை எங்கள் ஊர்ப் பக்கமும் வந்திருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை முறை என்று அதில் கணக்கிருக்கிறது. எங்களிடம் இருந்தது கணக்கில்லாத ஒரு பிடி. அதைப் பாட்டன் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டோம்.

மாத்திரையும் வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து நடக்க வழியில்லாமல் இல்லை. மாத்திரை சொன்ன நேரத்தில், வயிற்றில் சோறு இருக்கும்போது. அந்தச் சோறு நாய்க்கென்றே தனியாக வடித்ததாக இருக்க வேண்டும். வேகவைத்த முட்டை, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழி, கொஞ்சம் பரங்கிக்காய். ஸ்டீராய்டு தசையைக் கரைப்பதால் புரதம் குறையக் கூடாது. பசி வெறியாக இருப்பதால் அளவும் மீறக் கூடாது, கொழுப்பு கூடினால் கணையம் வீங்கும். எங்களுக்குக் கரையிலேயே மத்தி கிடைக்கிறது. உப்புப் போடாமல் வேகவைத்து முள்ளெடுத்த மத்தியிலிருக்கும் எண்ணெய் அழற்சியைத் தணிக்க ஓரளவு உதவும். பச்சையாகக் கொடுத்தால் பி1 வைட்டமினை அழிக்கும். மாதக்கணக்கில் வீட்டுச் சோறு மட்டுமே என்றால் கால்சியம் குறையும், அதற்கும் அளவு கேட்டு வாங்க வேண்டும். மீன்பிடி கிராமத்தில் இதில் எதுவும் அரிதான பொருள் அல்ல.

உப்பளத்து நாய்களின் மூக்கு வெடித்து, பொருக்குத் தட்டி, கருமை போய் வெளுத்ததையும் உப்புக்காற்று என்றே சொல்லி வந்தோம். மூக்கைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் வெயிலில் முற்றும். பாத்திகள் வெள்ளையாக மின்னும் மாதங்களில் அந்த நாய்களுக்கு ஒதுங்க நிழல்கூட நாங்கள் அமைத்ததில்லை.

புதுச்சேரியில், குரும்பாப்பேட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் போனோம். நாய்க்குப் போன சிலரும், மருத்துவர் “வேற என்ன குடுக்கறீங்க?” என்று கேட்டபோது “ஒண்ணும் இல்லைங்க சார், வெறும் சோறுதான்” என்றோம். திட்டுவார் என்ற பயம். சீந்தில் கஷாயத்தைச் சொல்லவில்லை, நிறுத்திய மாத்திரையைச் சொல்லவில்லை, வலி மாத்திரையைச் சொல்லவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டி எழுதினார். கூட்டிய அளவையும் நாங்கள் பாதியில் விட்டோம்.