அரை அங்குலத்துக்குள் ஒரு என்ஜின்

1944 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் திருமலைக்கு முதல் மலைப்பாதையைத் திறந்து வைத்தார். 1974-ல் இன்னொரு பாதை வந்தது. ஏற ஒன்று, இறங்க ஒன்று என்றாயிற்று. பக்தர்களுக்கு அது ஏழு மலை. சித்தூர் பட்டறையில் பிரித்துக் கட்டி இறக்கிய என்ஜினுக்கோ அது முதல் பரீட்சை.

சித்தூரிலிருந்து திருப்பதி வரை சுமார் 70 கி.மீ. தூரத்துக்கு எந்தக் குறையும் தெரியாது. அலிபிரி தாண்டி ஏறும்போது ஏதோ ஒரு வளைவில் ஆயில் விளக்கு சிமிட்டும். வளைவு நிமிர்ந்ததும் அணைந்துவிடும். ஒயர் லூஸ் என்று டிரைவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார். பின் சீட்டில் கோவிந்தா கோஷம்.

ஒயர் மீது பழி போடுவதற்கு முன் சம்ப்பைப் பார்க்க வேண்டும். அடியில் தேங்கும் ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியாகத்தான் பம்ப் உறிஞ்சுகிறது. ஏற்றத்தில் ஆயில் பின்னுக்கு ஓடும், வளைவில் பக்கவாட்டில் ஏறும். ஸ்ட்ரெய்னர் உயரத்தில் தொங்கினால் அந்த நேரத்தில் பம்ப்புக்குக் கிடைப்பது காற்று. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே சுமார் 0.05 மி.மீ. இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம் சில வினாடிப் பட்டினியைக்கூடத் தாங்காது.

அதற்காக ஸ்ட்ரெய்னரைத் தரையோடு ஒட்டி வைக்கவும் முடியாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உறிஞ்சும் குழாயின் உள் விட்டம் 20 மி.மீ. என்று கொள்வோம், அதன் வாய் 314 சதுர மி.மீ. ஸ்ட்ரெய்னரின் விட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு 157 மி.மீ. அடியில் 2 மி.மீ. இடைவெளி விட்டால் ஆயில் நுழையும் வழியும் அதே 314-தான். அதற்குக் கீழே போனால் பம்ப் மூச்சுத் திணறும். கல்லில் இடித்து சம்ப் 7 மி.மீ. உள்ளே குழிந்தால் போதும், 9 மி.மீ. இடைவெளி 2 ஆகிவிடும். குழிந்த சம்ப்பை இரண்டு தட்டு தட்டி, நிமிர்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தே மாட்டுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை விடுவது பொதுக் கணக்கு. கம்பெனி கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம். அளக்க எந்தக் கருவியும் தேவையில்லை. குழந்தைகள் பொம்மை பிடிக்கும் களிமண்ணில் ஓர் உருண்டையை ஸ்ட்ரெய்னரின் அடியில் ஒட்டி, மாட்டப்போகும் அதே தடிமன் கேஸ்கெட்டை வைத்து, சம்ப்பை ஏற்றி போல்ட்டுகளை முறுக்க வேண்டும். கழற்றி, நசுங்கிய மண்ணை பிளேடால் வெட்டி ஸ்கேலில் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். மண்ணைத் துளி விடாமல் துடைத்தெடுப்பது முக்கியம்.

குழாய் பம்ப்போடு சேரும் இடத்தில் பழைய ஓ-ரிங்கையே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே காற்று கசிந்தால் இடைவெளி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

இத்தனைக்கும் அரை மணி நேரம் ஆகும். அளக்காமல் விட்டால் கிராங்க் மறுபடி கிரைண்டிங்குக்குப் போகும். வாடகை வண்டிக்காரர் அத்தனை நாளும் வருமானமில்லாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆயில் மட்டம் என்று மெக்கானிக்கும், வேலை மட்டம் என்று அவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.