தொப்பியும் அதனைச் செய்த கருவியும்

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். முத்திரை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் எம் பழைய மாணவரிடையே பலர் உளர். மேனாடுகளிலே பழைய தொப்பிகளைத் தேடிச் சேர்ப்போரும், ஓய்வு வேளைகளில் தாமே தொப்பி செய்து மகிழ்வோரும் இருக்கின்றனர். கேட்ட மாத்திரத்தில் இது நகைப்பிற்கிடமான முயற்சியாகத் தோன்றலாம். ஆயினும், பழம்பொருளைப் போற்றுவோர் யாவரும் சிந்திக்கவேண்டிய வினாவொன்று இதனுள் அடங்கியிருக்கின்றது. பேணத்தக்கது செய்யப்பட்ட பொருள் மட்டுந்தானா, அன்றி அதனைச் செய்த கருவியுமா என்பதே அவ்வினா.

தொப்பியைச் சேர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை. அஃது அழகியது; கண்ணாடிப் பேழையுள் வைத்தால் வருவோர் வியப்பர். கருவிகளுக்கோ அவ்வழகு இல்லை. தலைவடிவாகக் கடைந்த மரக்கட்டையும், விளிம்பை வளைக்கும் இரும்பும், கறைபடிந்த வில்லும் இடத்தை அடைப்பனவாகவே தோன்றும். ஆதலால் அவை கவனிப்பாரற்றுப் போகின்றன. அல்லது மெருகூட்டப்பெற்று வரவேற்பறை அலங்காரங்களாகின்றன. இது பெருந்தவறு என்பது எம் துணிபு.

‘ஃபெல்ற்’ எனப்படும் தொப்பித் துணி நெய்யப்படுவதன்று; மயிரை அழுத்திப் பிணைத்துச் செய்யப்படுவது. முயல், பீவர் முதலிய விலங்குகளின் மென்மயிரை, ஆளுயரத்தை விஞ்சும் வில்லொன்றின் நாணை அதிரச்செய்து பரப்பினர் அக்காலத் தொழிலாளர். பஞ்சு கொட்டும் வில்லைக் கண்டவர்க்கு இது விளங்கும். பின்னர் வெந்நீரிலும் நீராவியிலும் அதனைச் சுருக்கி, மரக்கட்டைமீது இழுத்து உருவாக்கினர். மயிர் நன்கு பிணையும்பொருட்டுப் பாதரச நைத்திரேற்றைப் பூசும் வழக்கமும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பரவியிருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்தோர் கைகால் நடுக்கமும் மனக்கலக்கமும் உற்றனர். அமெரிக்காவின் டான்பரி நகரிலே அந்நடுக்கம் ஊரின் பெயராலேயே வழங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் தொப்பித் தொழிலில் பாதரசம் விலக்கப்பட்டது. பேழையுள் இருக்கும் தொப்பி அதனை அணிந்தவனின் பெருமையைச் சொல்லும். செய்தவன் பட்ட பாட்டை அவனுடைய கருவிகளே சொல்லும்.

தொழிலாளரின் நுண்ணறிவுக்கும் அவையே சான்று. 19ஆம் நூற்றாண்டிலே பாரிசிற் தோன்றிய தலையளவுக் கருவியொன்று உண்டு. அதனைத் தலைமேல் வைத்து அழுத்தினால், தலையின் சுற்றுவடிவைச் சிறு தாளொன்றில் ஊசிகள் குத்திக் காட்டும். மனிதர் தலைகளில் ஒன்றேனும் குற்றமற்ற நீள்வட்டமன்று என்பதை அத்தாள்களைப் பார்த்தோர் அறிவர்.

கருவி அழிந்தாற் கலையும் அழியும் என்பதற்குப் பட்டுத் தொப்பி ஓர் எடுத்துக்காட்டு. கனவான்கள் அணிந்த உயர்ந்த கருநிறத் தொப்பியைப் போர்த்த பூம்பட்டு, பிரான்சின் லியோன் நகரில் நெய்யப்பட்டது. 20ஆம் நூற்றாண்டிலே அத்தறிகள் இல்லாதொழிந்தன. இன்று அத்தகைய தொப்பியை விரும்புவோர் பழையதொன்றைப் புதுக்குவித்தே அணிகின்றனர். பணமிருந்தும் புதியது செய்வதற்குத் துணி இல்லை.

இவ்வுண்மையை உணர்ந்தோரும் உளர். தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரிலே, பழைய ஆலையொன்றில் 2000ஆம் ஆண்டு தொப்பி நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. ஆங்கே தொப்பிகளோடு இயந்திரங்களும் மரக்கட்டைகளும் ஒருங்கே காட்சிக்கு உள்ளன.

அந்நியரின் தொப்பியைப்பற்றி எமக்கென்ன என்று சிலர் வினவலாம். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஆங்கிலேயரும் அவரைப் பின்பற்றிய எம் நாட்டு உத்தியோகத்தரும் அணிந்த வெயிற்தொப்பி நெட்டியாலாயது. நீர்நிலைகளில் வளரும் அச்செடியின் வெண்டண்டை மெல்லிய ஏடுகளாகச் சீவி, அச்சின்மீது அடுக்கடுக்காக ஒட்டித் துணி போர்த்தனர். அத்தொப்பி வழக்கொழிந்தது. ஆனால் தஞ்சாவூரிலே நெட்டியைச் செதுக்கிக் கோயில் உருவங்கள் சமைக்கும் கலை இன்றும் வாழ்கின்றது. 2020ஆம் ஆண்டு அது புவிசார் குறியீடும் பெற்றது. கத்தியும் கைப்பழக்கமும் அங்கே கைவிடப்படாமையே அதற்குக் காரணம்.

இவ்விழா வேளையிலே பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. தந்தையாரின் வெயிற்தொப்பியோ பாட்டனாரின் தலைப்பாகையோ இல்லத்திலிருப்பின் அதனைப் பேணுக. பழைய ஃபெல்ற் தொப்பியாயின் அதிற் பாதரசம் எஞ்சியிருத்தல் கூடும். தூசியெழத் தட்டாது, கையாண்டபின் கைகளைக் கழுவுக. அத்துடன் நின்றுவிடற்க. எம்மூர்த் தச்சரின் சீவுளியும் கொல்லரின் குறடும் நெசவாளரின் நாடாவும் எங்கே கிடக்கின்றன என்றும் தேடுக. அவற்றை வழங்கத் தெரிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே, ஒவ்வொன்றின் பெயரையும் பயனையும் அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைக்குக. பெயரும் பயனும் அறியப்படாத கருவி வெறுங்கட்டையே. கல்லூரியிற் கற்ற எழுத்தறிவு, கல்லூரி வாயிலை மிதியாத அத்தொழிலாளரின் அறிவைக் காப்பதற்கு உதவுமாயின், அக்கல்வி பயனுடையதாயிற்று என்போம்.