ஓர்க் குழந்தைக்கு என்ன தண்டனை?

குகைக்குள் புகுந்த வீரர்கள் அங்கிருந்த ஓர்க்குகளை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மூலையில் அழுகுரல். பார்த்தால், நான்கைந்து ஓர்க் குழந்தைகள். ‘வளர்ந்தால் இவையும் ஊரைக் கொளுத்தும்’ என்கிறான் ஒருவன். ‘இன்னும் ஒரு பாவமும் செய்யவில்லையே’ என்கிறாள் இன்னொருத்தி. பகடை அப்படியே கிடக்கிறது. வாக்குவாதம் முடியவில்லை.

நல்லவேளை, எல்லாம் கற்பனை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஓர்க் குழந்தைப் பிரச்சினை அந்த ஆட்டக்காரர்களின் தீராத பட்டிமன்றத் தலைப்பு.

காரணம், ‘அலைன்மென்ட்’ என்ற விதி. பாத்திரம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான்; போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கதைகள் தந்த யோசனை. 1978-இல் வந்த விதிநூலில் அது ஒன்பது கட்டமானது. ஒரு திசையில் நல்லவன், கெட்டவன். மறு திசையில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், கட்டுப்படாதவன். நடுவே நடுநிலைகள். அரக்கர்களுக்கும் கட்டம் உண்டு. ஓர்க் என்றால் கெட்டது என்று புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது.

2020 ஜூனில், அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இறங்கிவந்தது. ஒரு இனம் முழுவதையும் பிறவிக் கெட்டவர்களாகக் காட்டும் வழக்கத்தைத் திருத்துவதாக அறிவித்தது. 2024-இல் வந்த விதிநூலில் ஓர்க், ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய நாயக இனங்களில் ஒன்று. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள்: அப்படியானால் வாளை யார் மீதுதான் வீசுவது? அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாலையில் பொழுதுபோக்க வந்தவர் நீதிபதி வேலை பார்க்க வரவில்லையே.

மைசூரில் இந்த வழக்கு மேஜையைத் தாண்டித் தெருவுக்கே வந்திருக்கிறது. ஊரின் பெயரே மகிஷனிடமிருந்து வந்தது என்பார்கள். சாமுண்டி மலையில் வாளும் பாம்புமாக நிற்கிறது அவன் சிலை. அவன் அரக்கனல்ல, நல்லாட்சி செய்த மன்னன் என்று சொல்லி ‘மகிஷ தசரா’ கொண்டாடுகிறார்கள் சில அமைப்பினர். அம்மன் பக்தர்கள் கொதிக்கிறார்கள். 2023-இல் தடையுத்தரவு போடும் அளவுக்குப் போனது. இத்தனைக்கும் கர்நாடகத்தில் தீபாவளிக்கு நரகாசுரன் வதம் என்றால், பலி பாட்யமியன்று பலிச் சக்ரவர்த்திக்குப் பூஜை. இருவரும் அசுர குலம்தான்.

பிறப்புக் கணக்கு இப்படி. சட்டமும் நன்மையும் ஒன்றா என்ற இரண்டாவது கணக்குக்கு சாமராஜநகர் போக வேண்டும். அரிகொட்டாரம் என்றிருந்த ஊருக்கு, அங்கே பிறந்த தன் தந்தையின் பெயரைச் சூட்டியவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். சீட்டாட்டப் பிரியர், புதிய கஞ்சீபா ஆட்டங்களையே வகுத்தவர். பழைய தசாவதார கஞ்சீபாவில் அவதாரத்துக்கு 12 சீட்டு வீதம் 120 சீட்டுகள். பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு வைத்திருப்பவர். விதிப்படி நடந்தவருக்குப் பகல், விதியை வளைத்தவருக்கு ராத்திரி!

இதே மாவட்டத்தில், தமிழகப் பக்தர்களும் கூட்டம் கூட்டமாகப் போகும் மாதேஸ்வரன் மலை இருக்கிறது. கம்சாளெத் தாளம் தட்டி, தேவரகுட்டர்கள் இரவு முழுக்க மாதப்பாவின் கதையைப் பாடுவார்கள். அதில் சங்கம்மா கதை வரும். சோளகர் தலைவன் நீலேகவுடா தேனெடுக்கக் காட்டுக்குக் கிளம்புகிறான். போகுமுன் மனைவியிடம், ‘நான் வரும்வரை கற்பு தவற மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்கிறான். அவள் மறுக்கிறாள். தப்பே செய்யாதவள் எதற்காகச் சத்தியம் செய்ய வேண்டும்? அவன் அவளை வதைத்து, குடிசையில் அடைத்துவிட்டுப் போகிறான். அவள் கதறலுக்கு வருகிறார் மாதப்பா. குழந்தை வரம் தருகிறார். கணவன் திரும்பும்போது அவள் வெறுமடியாக இல்லை.

இவர்களை ஒன்பது கட்டத்தில் உட்காரவைப்பது கஷ்டம். சத்தியம் கேட்பது கணவனின் உரிமை என்று நினைத்த நீலேகவுடா சட்டக்காரன், செய்ததோ கொடுமை. புருஷன் இல்லாத வீட்டில் புகுந்து வரம் தந்த சாமி எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவர். கட்டளைக்குப் பணியாத சங்கம்மாதான் கதையில் சோதனைகளை எல்லாம் வென்று நிற்கிறாள்.

தேவர்களை அடிமையாக்கிய சிரவணாசுரனை விட்டுவைக்காத மாதப்பா, நீலேகவுடாவைக் கொல்வதில்லை. அந்த வீட்டில் பிறந்த காரய்யா, பில்லய்யா இருவரையும் தன் அடியார்களாக ஏற்றுக்கொள்கிறார்.