விடுமுறையில் ஒரு புதையல் வேட்டை

கோடை விடுமுறை விட்டால் போதும், "அம்மா, போரடிக்குது!" என்ற பல்லவி எல்லா வீட்டிலும்தான். காலை முழுக்க டி.வி., செல்போன்; சாயங்காலம் சண்டை. அதிகச் செலவில்லாமல் பிள்ளைகளை ஒரு மணி நேரம் கட்டிப்போட வழி சொல்கிறேன், சகோதரிகளே. அதுதான் புதையல் வேட்டை. ஒரு துண்டுச் சீட்டு, அடுத்த சீட்டு இருக்கும் இடத்தை விடுகதையாகச் சொல்லும். கடைசிச் சீட்டு புதையலில் கொண்டுபோய் விடும்.

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் போதும். சீட்டுகளும் ஐந்தாறு போதும். முதலில் புதையலின் இடத்தை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டே வாருங்கள், குழப்பம் வராது. எந்தச் சீட்டு எங்கே என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுகதைக்கு எங்கே போவது என்கிறீர்களா? நம் தேனிப் பக்கம் விஷயத்துக்கா பஞ்சம்? மாதிரிக்கு நாலு:

1. "போடியில் என்னை ஏலம் விடுவார்கள், என் பேரும் ஏலம்தான்." ஏலக்காய் டப்பாவில் அடுத்த சீட்டு.

2. "பேர் பன்னீர், ஆனால் தெளிக்க முடியாது. கம்பத்துப் பந்தலில் தொங்குவேன்." திராட்சை வைத்த பழக்கூடை. இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொல்லுங்கள்.

3. "மேற்கே போனவளை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். இப்போது உன் வீட்டுக் குடத்தில் இருக்கிறேன்." பெரியாற்றுத் தண்ணீர்! 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால்தான் நம் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இங்கே பொங்கல் வைப்பது ஏன் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

4. "தினமும் காலையில் பிறப்பேன், மிதிபட்டு மறைவேன்." வாசல் கோலம். பக்கத்துத் திண்ணையில் சீட்டு.

அம்மி, உரல், குத்துவிளக்குக்கு வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், ஆயிரம் சொல்வார்.

இனி முக்கியமான விஷயம். பெரிய பையன் முன்னால் ஓடி எல்லாவற்றையும் எடுத்துவிடுவான். சின்னது அழுதுகொண்டு நிற்கும். அதனால் சீட்டைத் தேடி எடுப்பது சின்னவர்கள், படிப்பது முறை வைத்து ஒவ்வொருவர், விடை சொல்வது எல்லோரும் சேர்ந்து என்று முன்பே சொல்லிவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்குப் படம் வரைந்த சீட்டு ஒன்று. பலகாரத் தட்டைத் தூக்கிவர பெண் பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். வேட்டை அவளுக்கும்தான்!

எல்லையையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீடும் முற்றமும் மட்டும். கிணறு, வாய்க்கால், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி பக்கம் சீட்டு வைக்கவே கூடாது. அடுப்பு, சுவிட்ச் போர்டு, மருந்து அலமாரி, தேள் பாம்பு அண்டும் விறகுக் குவியலும் வேண்டாம். திராட்சைத் தோட்டத்துக்குள் வேட்டை வைக்கலாமே என்று தோன்றும், வேண்டவே வேண்டாம். மருந்து அடித்த கொடியைத் தொட்ட கையோடு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு பெரியவர் கூடவே இருக்கட்டும். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு ஆரம்பிப்பது நல்லது.

புதையல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பொரி உருண்டை, கடலை மிட்டாய், ஒரு பென்சில். ஆனால் தலைக்கு ஒன்றாகச் சம பொட்டலமாகக் கட்டுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று பிரித்தால் விளையாட்டு சண்டையில்தான் முடியும்.

புதையல் இருக்கும் இடத்தில் கோலமாவால் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். சாரணர்களின் வழி அடையாளத்தில் அதற்கு 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரட்டும், பொட்டலத்தைப் பிரிக்கலாம்.