பழமை குற்றமா?

“எடைக்குப் போட்டுவிடு, தம்பி! இதற்கெல்லாம் இனி உதிரிப்பாகம் ஏது?”

லாமிங்டன் சாலைக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்ன அறிவுரை இது. அவர் குறிப்பிட்ட கணினி, சான்பாடாவில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகள் தமிழ் பயிலும் சிற்றறையிலே இருக்கிறது. 32 பிட் சில்லு. ஒரே ஒரு ஜி.பி. நினைவகம். ஆயினும் என்ன? விலையின்றிக் கிடைக்கும் டெபியன் லினக்ஸை அதில் ஏற்றினேன், உயிர் பெற்றது! வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் அதன்முன் வரிசையில் நின்று தமிழ்த் தட்டச்சுப் பழகுகிறார்கள்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்தது. 32 பிட் கணினியில் அதை நிறுவும் வழி தரப்படவில்லை. முந்தைய 12ஆம் பதிப்பே கடைசி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் ஒருநாள் நின்றுவிடும். பிறகு எந்தத் துணிவில் அதை இணையத்தில் இணைப்பது? பிள்ளைகளின் வரிசை என்னாவது?

சினம் கொண்டேன். “எல்லார்க்கும் உரியது என்றீர்களே! எளியவனை மட்டும் ஏன் இறக்கிவிட்டீர்கள்?” என்று கேட்கத் துடித்தேன். சற்றே ஆராய்ந்தேன், சினம் என்மேலேயே திரும்பிற்று.

லினக்ஸின் கதையைப் பாருங்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது இன்டெல் 386 சில்லுள்ள கணினியிலே. அந்த 386க்கான ஆதரவே 2012இல் நீக்கப்பட்டது. பிறந்த வீட்டையே இடித்துவிட்டார்கள்! நன்றி கொன்றவர்களா அவர்கள்? இல்லை. புதுமை புகும்போதெல்லாம் பழைய சில்லுக்கான நிரலையும் மாற்ற வேண்டும். மாற்றியது ஓடுகிறதா என்று அந்தச் சில்லிலேயே பார்க்க வேண்டும். பார்க்க ஆளில்லையெனில் பழுது ஒளிந்திருக்கும். பாரம் மட்டும் பிறர் தோளில் ஏறும்.

அப்படியானால் முதுமைதான் காரணமா? அதுவும் அன்று! 2001இல் விற்பனைக்கு வந்த இன்டெல் இட்டானியம், பெரிய நிறுவனங்களின் சேவையகங்களில் வீற்றிருந்த செல்வச் சில்லு. பேணுவார் இன்றி, 2023இல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. 1979இல் பிறந்த மோட்டோரோலா 68000 குடும்பமோ, அமிகாவிலும் பழைய மக்கின்டாஷிலும் இருந்த எளிய சில்லுக் குடும்பம், லினக்ஸில் இன்னும் வாழ்கிறது. ஏன்? அக்கணினிகளை வைத்திருப்போர் ஓட்டிப் பார்க்கிறார்கள், பழுதைச் சொல்கிறார்கள், திருத்தி அனுப்புகிறார்கள். அகவை கொல்வதில்லை; அநாதை நிலையே கொல்கிறது.

நான் என்ன செய்தேன்? விலையின்றி எடுத்தேன், பயன்படுத்தினேன். ஒரு பழுதையேனும் எழுதி அனுப்பினேனா? இல்லை! மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது என்று பெருமை பேசினேன். திறந்த கதவுக்குள் ஒருநாளும் நுழையவில்லை.

“புதியது வாங்கலாமே” என்பர் சிலர். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். வரிசையில் நிற்கும் பிள்ளை எதைக் கொண்டு வாங்குவாள்? 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளுக்கும் வயதாகிவிட்டது. இன்று நம் பெட்டி. நாளை நம் உறவினர் வீட்டு மடிக்கணினி.

தோழர்களே! கதவு இன்னும் மூடவில்லை. டெபியன் விலகினாலும், லினக்ஸின் கெர்னல் 32 பிட்டைக் கைவிடவில்லை. நெட்பிஎஸ்டி இயங்குதளமும் அதை ஏற்கிறது. புதிய கெர்னல் வெளிவருமுன் வாரந்தோறும் சோதனைப் பதிப்புகள் வருகின்றன. நம் மன்றத்தில் பழைய கணினி வைத்திருப்போர் திங்களுக்கு ஒரு மாலை கூடுவோம். சோதனைப் பதிப்பை ஓட்டுவோம். எந்தச் சில்லில், எந்த இடத்தில் நின்றது என்று தெளிவாக எழுதி அனுப்புவோம். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய தொண்டு இது.

முதற்கூட்டத்திற்கு சான்பாடாப் பெட்டியை நானே சுமந்து வருகிறேன். அதை எடைக்குப் போடுவதா, எழுத்துப் பழக வைப்பதா? கடைக்காரர் சொல்ல வேண்டாம், நாம் சொல்வோம்!