கண்ணும் நாவும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த குருக்கள்மடம் போன்ற ஊர்களில் வெற்றிலைத் தட்டம் வையாமல் விருந்தோம்பல் நிறைவுறுவதில்லை. அத்தட்டத்துப் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றை விளைவிப்பன என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே.

ஆயினும் வாய் மறைந்த உறுப்பன்று. வெண்திட்டு, செந்திட்டு, ஆறாத புண், வாய் திறக்க இயலா இறுக்கம் ஆகியவற்றைக் காணப் பழகிய கண்ணும் நல்ல வெளிச்சமுமே போதும். மத்திய இலங்கையில் நடந்து 1984இல் வெளியான ஆய்வொன்றில், சிறிதுகாலப் பயிற்சி பெற்ற 34 சுகாதார ஊழியர் ஓராண்டில் 28,295 பேரின் வாயைச் சோதித்து, 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். சென்றவர்களுள் நூற்றுக்கு 89 பேரிடம் ஊழியரின் கணிப்புச் சரியாயிருந்தது. ஆனால், சென்றோர் 660 பேரே!

இப்பிந்திய எண்ணே என் சிந்தனையைக் கவர்கின்றது. ஊழியரின் கண்ணைப் பழக்கினோம்; நாவைப் பழக்கினோமா? வலியில்லாத திட்டை நோயென நம்பாத மூதாட்டிக்கும், ஒருநாள் தொழிலை இழக்க அஞ்சும் மீனவருக்கும், அச்சுறுத்தாமலும் பொய்யாறுதல் கூறாமலும் எடுத்துரைப்பது தனியொரு கல்வி அன்றோ?

அதன் பயனும் சிறிதன்று. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியரின் வாய்ச் சோதனை, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைத்தது.

ஆதலால், வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கு அளிக்கும் பயிற்சி, திட்டைக் கண்டறிவதோடு முடிதல் ஆகாது. அவர் அனுப்பியவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையை அடைந்தாரா என்று மறுவாரம் அதே படலையில் நின்று கேட்பதும் அப்பாடத்தின் பகுதியாதல் வேண்டும்.